மூச்சளவு நடனம்

சிவபெருமானின் ஆட்டங்களைத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் கல்லிலும் செம்பிலும் அலுக்காமல் வடித்திருக்கிறார்கள். தூக்கிய திருவடி, விரிந்த சடை, சுற்றிலும் தீ வளையம். தில்லைக் கூத்தனின் முன்னால் நின்றால் பார்ப்பவரின் கணுக்காலிலேயே ஒரு முறுக்கு ஏறும். திருவாரூர்த் தியாகேசரின் ஆட்டத்தில் இவை எதுவும் கிடையாது. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமால், தியாகேசரின் சோமாஸ்கந்தத் திருமேனியைத் தம் மார்பில் வைத்து வழிபட்டார் என்கிறது தலபுராணம். அவர் மூச்சை இழுக்க மார்பு எழுந்தது, மார்பின் மேலிருந்தவரும் எழுந்தார். மூச்சை விட மார்பு தாழ்ந்தது, அவரும் தாழ்ந்தார். ஆட்டம் அவ்வளவுதான். வாய் உருப்போடாமல் மூச்சே உள்ளும் வெளியுமாக ஓதிக்கொண்டிருக்கும் மந்திரத்துக்கு அஜபை என்று பெயர். அதனால் இந்த ஆட்டத்தை அஜபா நடனம் என்கிறார்கள்.

இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் நான் நின்றுவிடுவது ஓர் இடத்தில்தான். இதில் ஆடுகிறவர் முயற்சி எதுவும் செய்வதில்லை. ஆட்டுவிக்கிறவரும் ஆட்டுவிக்க வேண்டும் என்று எண்ணுவதில்லை. படுத்திருக்கிறார், மூச்சு விடுகிறார், மார்பின் மேல் இருப்பவரை மறக்காமல் இருக்கிறார். அசைவு தன்பாட்டில் நடக்கிறது, நினைவு மட்டும் அங்கிருந்து நகர்வதில்லை. உடம்பில் ஏறிய இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லித்தரும் நல்ல முறைகள் எதை எடுத்துக்கொண்டாலும், அடியில் இந்த ஏற்பாடு இருப்பதைப் பார்க்கலாம். அதை ஓர் ஊர் தன் தெய்வத்தின் நடனமாகவே வைத்துக் கொண்டாடுகிறது என்பது எனக்கு ஆறாத வியப்பு.

வீட்டுக் கூடத்தில் ஒரு கோரைப்பாயை விரித்து மல்லாந்து படுத்தால் இந்த நடனத்தை எவரும் தம் உடம்பிலேயே பார்க்கலாம். மெத்தை வேண்டாம். மெத்தை, முதுகின் மேடுபள்ளங்களுக்கெல்லாம் இணங்கிப் போய்விடும். எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்பதைத் தரைதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு குதிகால்களும் ஒரே அளவு அழுந்துகின்றனவா? ஒரு பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தும் மற்றது விறைப்பாகவும் நிற்கிறதா? இடுப்புக்குக் கீழே எவ்வளவு இடம் தரையைத் தொடாமல் இருக்கிறது? தோள்பட்டை எலும்புகளில் எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொட்டது? முகவாய் கூரையை நோக்கி ஏறியிருந்தால் பிடரி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இவற்றில் எதையும் சரிசெய்யத் தேவையில்லை. சரிசெய்யப் போனால் புதிதாக ஓர் இறுக்கம் சேரும். பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

பிறகு மூச்சு. வலக்கையை மார்பிலும் இடக்கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு, எந்தக் கை முதலில் எழுகிறது என்று பார்க்க வேண்டும். கவனித்த உடனே மூச்சு பொய்யாகிவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறோம் என்று தெரிந்ததும் அது நீண்டு காட்டும், ஆழ்ந்து காட்டும். கொஞ்ச நேரம் அப்படியே நடிக்கட்டும். பார்ப்பவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மையான மூச்சு வெளியே வரும். அது சிறியது. கை எழுவதே தெரியாத அளவு சிறியது. அப்போதுதான் நுட்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். மார்பு மேல்நோக்கி எழுவதோடு விலாப்பக்கம் இரண்டும் அகலவும் செய்கின்றன. முதுகு தரையை மெல்ல அழுத்துகிறது. காறை எலும்புகள் கடைசியில், மிகக் கடைசியில், கொஞ்சம் அசைகின்றன. மூச்சு முழுதும் வெளியேறிய பின், அடுத்தது வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் உடம்புக்கு எந்த வேலையும் இல்லை. அதை நீட்டிவிடும் ஆசை யாருக்கும் வரும். நீட்டினால் போயிற்று.

அந்த இடைவெளியில் வேறு சில விஷயங்கள் நடக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தாமாக விலகும். மேலண்ணத்தில் ஒட்டியிருந்த நாக்கு கீழே படியும். அதுவரை அங்கே ஒட்டியிருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. புருவங்களின் நடுவே இருந்த மடிப்பு அகலும். ஒரு கொட்டாவி வரும், வயிறு கடகடவென்று ஓசை எழுப்பும். சபையில் என்றால் வெட்கப்படுவோம். பாயில் இவை இரண்டும் நல்ல சேதிகள். தாடை விட்டுக்கொடுத்ததும் தோளும் விட்டுக்கொடுப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் யோக நூல் மரபு சொல்லும் கணக்கு. நாழிகைக்கு 360, நாளுக்கு 60 நாழிகை. நிமிடக் கணக்கில் 15 வருகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவதாக இன்றைய மருத்துவ நூல்கள் சொல்வதற்குள் இது அழகாக அடங்குகிறது. ஒவ்வொரு மூச்சிலும் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசைத்தகடு கீழே இறங்கி ஏறுகிறது. அமைதியான மூச்சில் அது இறங்கும் அளவு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதன் வேர்கள் போய்ப் பற்றியிருப்பது இடுப்பு முதுகெலும்புகளில். ஆகவே மூச்சு நடக்கும்போதெல்லாம் அடிமுதுகும் சிறிது நீவப்படுகிறது. மூச்சை இழுக்கையில் இதயத்துடிப்பு சற்று விரைகிறது, விடுகையில் சற்று தணிகிறது. கவலையிலும் அவசரத்திலும் உதரவிதானத்தின் வேலையைக் கழுத்துத் தசைகள் பறித்துக்கொண்டு மேல்மார்பால் மூச்சு விட வைக்கின்றன. மாலையில் பிடரி வலிக்கிறது என்று சொல்லும் பலருக்கும், அன்றைய மூச்சையெல்லாம் கழுத்தே சுமந்திருக்கும்.

சுமப்பது என்றதும் தியாகேசரைச் சுமப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர் வெளியே எழுந்தருளும்போது சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆழித்தேர் எனும் பெருந்தேருக்குப் போகும்போதும் தேரிலிருந்து திரும்பும்போதும் ஸ்ரீபாதம் தாங்குவோர் அஜபா நடனத்தைத் தங்கள் உடம்பால் நடத்திக் காட்டுகிறார்கள். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழும் என்று மூர்த்தி அசைகிறார். கூட்டம் ‘ஆரூரா, தியாகேசா’ என்று முழங்க, எல்லோர் கண்ணும் மேலே இருக்கும். ஒரு முறையாவது கண்ணைத் தாழ்த்திச் சுமப்பவர்களின் முழங்கால்களைப் பார்க்கச் சொல்வேன். நடனம் அங்கேதான் பிறக்கிறது. தோளை உயர்த்தி மூர்த்தியை எழுப்புவதில்லை. மடங்கியிருந்த முழங்கால் நிமிர, அந்த எழுச்சி இடுப்பு வழியே ஏறித் தோளுக்குப் போய், தண்டுக்கு மாறி, மூர்த்தியிடம் சேர்கிறது. தோள் அதை வாங்கிக் கொடுக்கும் இடம் மட்டுமே. முன்தண்டில் இருப்பவருக்குப் பின்தண்டில் இருப்பவர் தெரியமாட்டார். ஆனாலும் அவர் மூச்சு வாங்குவதும் கால் மாற்றுவதும் மரத்தின் வழியே இவர் தோளுக்குத் தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் தோளை இறுக்கிக்கொண்டால் அசைவு அங்கே முட்டி நின்றுவிடும், மூர்த்தி ஆடாமல் குலுங்குவார். இத்தனை பேர் இவ்வளவு பாரத்தின் கீழே தளர்வாக இருப்பது சாதாரண வித்தை அல்ல. தளர்வு என்றால் துவண்டு கிடப்பது என்று நினைப்பவர்கள் இந்தத் தோள்களைப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் ஆடும் அவர் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் முகத்தை மட்டுமே. திருமேனி மலராலும் ஆடையாலும் மூடியிருக்கும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலுமே கிடைக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரு பாதம். ஆடுபவரின் கால் தெரியாத நடனம் இது. காலால் ஆடாத நடனத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

இந்தக் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போகிறவர்கள் கழுத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது நல்லது. அங்கே விதானத்தில் முசுகுந்தச் சோழனின் கதை வண்ண ஓவியமாக விரிந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அடியில் தமிழில் விளக்கங்கள். இந்திரனிடமிருந்து தியாகேசரைப் பெற்று வந்த கதை அது. குரங்கு முகம் கொண்ட அரசன், ஊர்வலங்கள், வாத்தியக்காரர்கள், வாணவேடிக்கை என்று தலைக்கு மேல் ஓர் ஊரே நடமாடுகிறது. அண்ணாந்து பார்ப்பவர்களில் பலர் தலையைப் பின்னால் அப்படியே தொங்கவிடுகிறார்கள். மண்டையோடு கழுத்தைச் சேரும் அந்த ஒரு மூட்டில் முழு வளைவும் விழுகிறது. சிறிது நேரத்தில் பிடரியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள், பாதிக் கதையை விட்டுவிட்டு. இதற்கு மாற்று எளிது. கண் முதலில் ஏறட்டும். பிறகு மார்பெலும்பு கொஞ்சம் ஏறட்டும். அதன் பிறகு தலை தானாகப் பின்னால் போகும், வளைவு மேல்முதுகு முழுவதிலும் பகிர்ந்து நிற்கும். ஓவியமும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். கண், மார்பு, தலை என்ற இந்த வரிசை மாறினால் வலி, மாறாவிட்டால் சுகம். ஓர் அசைவின் நயம் அநேகமாக இப்படி அதன் வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது.

திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளில் சியாமா சாஸ்திரிகள் 1762லும் தியாகராஜ சுவாமிகள் 1767லும் முத்துசுவாமி தீட்சிதர் 1775லும் பிறந்தவர்கள். மூவரில் இந்த ஊர்க் கோயிலின் கல், கொடி, குளம் அனைத்தையும் பாட்டில் வைத்தவர் தீட்சிதர். அவர் தியாகேசர் மேல் இயற்றிய கீர்த்தனைகளில் ஆனந்தபைரவி ராகத்தில் அமைந்த ‘த்யாகராஜ யோக வைபவம்’ ஒன்று. அதன் பல்லவியைக் கேட்பவர்கள் சொற்களைக் கொஞ்சம் மறந்து நீளத்தை மட்டும் கவனித்துப் பார்க்கலாம். முதலில் முழுத்தொடர் வருகிறது. அடுத்து முன்னால் ஓர் எழுத்து உதிர்ந்த தொடர். பிறகு இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. ஒவ்வொரு முறை உதிரும்போதும் எஞ்சியதற்கு ஒரு பொருள் இருக்கிறது, அதுதான் புலமையின் உச்சம். கடைசியில் ஒற்றை எழுத்தில் வந்து நிற்கிறது. பசுவின் வால்போல் நுனி மெலிவதால் இசை இலக்கணத்தில் இதற்குக் கோபுச்ச யதி என்று பெயர். சரணத்தில் அப்படியே தலைகீழ். ஓர் எழுத்தில் தொடங்கி, சொல்லாகி, தொடராகி, ஆறுபோல் அகன்றுகொண்டே போகிறது. அது ஸ்ரோதோவஹ யதி.

இதைப் புலமை விளையாட்டு என்று பாராட்டுவோர் உண்டு. என் காதுக்கு அது மூச்சாகவே கேட்கிறது. வெளியே போகும் மூச்சு நீண்டு, மெலிந்து, ஒரு புள்ளியில் அற்றுப்போகிறது. உள்ளே வரும் மூச்சு ஒரு புள்ளியில் தொடங்கி விலாவையெல்லாம் அகலச் செய்கிறது. அஜபா நடனம் ஆடுபவரின் மேல் பாடும் பாட்டில், அவருடைய யோகத்தைச் சொல்ல வந்த இடத்தில், இந்த இரண்டு வடிவங்களையும் தீட்சிதர் தெரியாமல் வைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. விளம்ப காலத்தை விரும்பியவர் அவர். இந்தக் கீர்த்தனையை அவசரமாகப் பாடினால் உதிரும் எழுத்துகள் கணக்காக நிற்கும். நிதானமாகப் பாடினால், ஒவ்வோர் உதிர்விலும் கேட்பவர் தோள் ஓர் இழை இறங்கும். கேட்டுக்கொண்டே படுத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள், அந்த ஒற்றை எழுத்து வரும்போது தம் மூச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

நிதானமும் சிறிய அளவும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடலியலில் ஒரு விடை இருக்கிறது. தலையில் நெல் மூட்டை வைத்திருப்பவரின் மூட்டைமேல் ஒரு கைப்பிடி நெல்லைக் கூடப் போட்டால் அவருக்குத் தெரியாது. வெறும் கையில் நாலு நெல்மணி வைத்திருப்பவருக்கு ஐந்தாவது விழுந்தால் தெரிந்துவிடும். ஏற்கெனவே உள்ள பாரம் எவ்வளவோ அதற்கு ஏற்பத்தான் வித்தியாசத்தை உணரும் திறன் அமையும் என்று ஜெர்மானிய அறிஞர் வேபர் 19ஆம் நூற்றாண்டில் காட்டினார். பௌதிகம் படித்தவரும் ஜூடோ வல்லுநருமான மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984), தம் முழங்கால் காயத்தோடு போராடியபோது இதை அசைவுக்குக் கொண்டுவந்தார். பெரிய முயற்சியோடு ஒரு கையைத் தூக்கினால், அதில் எது தேவையில்லாத இறுக்கம் என்று மூளைக்குத் தெரிய வழியில்லை. கையை ஓர் அங்குலம், அதில் பாதி, தூக்கலாமா என்று எண்ணும் அளவு என்று குறைத்துக்கொண்டே போனால், கூடவே கழுத்தும் தாடையும் வீணாக உழைப்பது தெரியும். தெரிந்ததும் அவை விட்டுவிடும்.

சிகாகோவில் மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில், ஒரு தசையைச் சிறிது இறுக்கிப் பின் விட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணரச் சொன்னார். இன்று உடல் தளர்வுப் பயிற்சி என்று எங்கும் சொல்லித்தருவது பெரும்பாலும் அவர் முறையின் சுருக்கம்தான். சுருக்கியதில் ஒரு நயம் போய்விட்டது. முஷ்டியை முடிந்தமட்டும் இறுக்கு, விடு என்று கட்டளையிடுகிறார்கள். ஜேக்கப்சன் இறுக்கத்தின் அளவை முறைக்கு முறை குறைத்துக்கொண்டே வரச் சொன்னவர். கண்ணுக்குத் தெரியாத இறுக்கத்தை உணர்ந்து விடுவதே அவருடைய குறி.

நம் பக்கத்தில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) சென்னையில் சொல்லித்தந்த ஒரு சிறு விதியை நான் இதைவிடவும் உயர்வாக வைப்பேன். கையைத் தூக்கும்போது மூச்சை இழுக்க வேண்டும், இறக்கும்போது விட வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். மூச்சு முதலில் தொடங்கட்டும், கை அதன் பின்னால் கிளம்பட்டும். கை போய்ச் சேர்ந்த பிறகும் மூச்சு ஒரு கணம் ஓடி முடியட்டும். இதுதான் அந்த விதி. அசைவு முழுதும் மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும். செய்து பார்த்தால் கையைத் தூக்குவது நாமா, மூச்சா என்ற ஐயம் வரும். மார்பு எழ மூர்த்தி எழுந்ததும் இந்த வரிசையில்தானே!

தமிழ்நாட்டில் ஊர்தோறும் பொதுமக்களிடம் உடல் தளர்த்தலைக் கொண்டுசேர்த்ததில் வேதாத்திரி மகரிஷிக்குப் (1911–2006) பெரிய பங்கு உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கை, கால், கண், முதுகு ஒவ்வொன்றும் எப்படி இறுகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி கைப்பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்தலில் முடிகிறது. உடல் தேய்த்தல் என்று ஒரு பயிற்சி அதில் வருகிறது. தன் உடம்பைத் தன் கையாலேயே பகுதி பகுதியாக நீவிக்கொள்வது. நடுவயது தாண்டியும் குளிக்கும்போதுகூடச் சோப்போடு ஓடிவிடும் நாம், நம் முழங்காலின் பின்பக்கத்தைக் கவனத்தோடு தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் யோசிப்போம். கடைசியில் மல்லாந்து படுத்து, பாதம் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்து நினைத்துத் தளர்த்துகிறார்கள். அவருடைய மன்றங்களில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் அதன்படி போவார்கள். குரல் கொடுப்பவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘கணுக்கால்’ என்று சொன்ன பிறகு, கேட்பவருடைய மூச்சு ஒரு முறையாவது போய்வர நேரம் கொடுங்கள். பெயரைக் கேட்ட உடனே கணுக்கால் தளர்ந்துவிடாது. கேட்டு, அங்கே போய், பார்த்து, பிறகே விடும்.

முசுகுந்தன் கொண்டுவந்த, விடங்கர்கள் எனப்படும் ஏழு தியாகேசத் திருமேனிகளில் திருவாரூர்க்காரர் தவிர மற்ற ஆறு பேருக்கும் தனித்தனி ஆட்டம் உண்டு. நாகப்பட்டினத்தில் கடலலை, வேதாரண்யத்தில் அன்னத்தின் நடை, திருக்காறாயிலில் சேவல், திருக்குவளையில் வண்டு, திருவாய்மூரில் தாமரையின் அசைவு, திருநள்ளாற்றில் பித்தேறிய உன்மத்த நடனம். அலையலையாக முதுகுத்தண்டை உருட்டுவது, கழுத்தை நீட்டி மெல்ல அடி வைப்பது, ஒரு புள்ளியைச் சுற்றி விரலளவு வட்டமிடுவது, தண்டு ஊன்றி நிற்க மேல்உடம்பு காற்றுக்கு ஆடுவது, கடைசியில் கைகால்களை உதறி எறிவது. இறுக்கம் தளர்த்த இன்றைக்குச் சொல்லித்தரும் அசைவுகளில் பெரும்பாலானவை இந்தக் கடலோர வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இது என் ரசனை, சாத்திரம் அப்படிச் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் ஏழுக்கும் தலைமை மூச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருவாரூர்க் கோயிலில் கமலாம்பாள் உட்கார்ந்திருக்கும் அழகையும் சொல்லியாக வேண்டும். காலைத் தொங்கவிட்டு அரியணையில் அமர்ந்த அம்மன் அல்ல. கால்மேல் கால் சேர்த்து யோகாசனத்தில் இருக்கிறாள். சைவ யோக மரபு திருவாரூரை உடம்பின் மூலாதாரத்துக்கு ஒப்பான தலமாக வைக்கிறது. முதுகுத்தண்டின் அடி, உட்காரும்போது தரையைத் தொடும் இடம். நாற்காலியில் வாழ்பவர்கள் மறந்துவிட்ட இடமும் அதுவே. தரையில் சம்மணமிட்டு, உட்காரும் எலும்புகள் இரண்டும் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டால் முதுகை நிமிர்த்த வேறு முயற்சி வேண்டாம். அடி சரியாக ஊன்றினால் தண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நிமிரும். நிமிர்ந்து உட்கார் என்று பிள்ளைகளை அதட்டும்போது அவர்கள் மார்பைத் தூக்கி விறைப்பதைப் பார்த்திருக்கிறோம். அடியில் தொடங்கச் சொல்லித்தர நமக்குத் தெரியவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட முதுகு அதிகம் உழைக்கும் இடம் கோயிலுக்கு வெளியே, நான்கு பக்கமும் வயலாகக் கிடக்கிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது, நேரடி விதைப்பும் பெருகிவிட்டது. இருந்தாலும் சம்பா நடவுக் காலத்தில் கொரடாச்சேரிப் பக்கம் போனால் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகரும் பெண்களை இன்னும் பார்க்கலாம். நாற்று முடி இடக்கையில், நடுவது வலக்கை. பழகியவர்கள் இடது முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்வார்கள். மேல்உடம்பின் பாரம் கொஞ்சம் இடுப்பை விட்டுத் தொடை வழியாகச் சேற்றுக்கு இறங்கிவிடும். பின்னால் கால் எடுத்துவைக்கும்போது பெருவிரல் முதலில் சேற்றைத் தொட்டுப் பார்க்கும், குதிகால் கடைசியில் படியும். பார்வையை நாற்றில் வைத்துக்கொண்டே காலால் வயலைப் பார்க்கும் வித்தை அது.

என்னை நிறுத்தியது அவர்கள் நிமிரும் விதம். இளம்பெண் ஒருத்தி முடி தீர்ந்ததும் தலையை முதலில் தூக்கி வெடுக்கென்று நிமிர்ந்தாள். இடுப்பில் கை போயிற்று, முகம் சுளித்தது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த மூத்தவர் குனிந்தபடியே சத்தம் போட்டார்.

“ஏ புள்ள, வெடுக்குன்னு நிமிராத. மூச்ச விட்டுட்டு, இடுப்பக் கேட்டுக்கிட்டு நிமிரு.”

வரப்பில் நின்ற நான், “எப்படிக்கா அது, இடுப்பக் கேக்குறது?” என்றேன்.

“இதுல என்னா தம்பி இருக்கு, பாருங்க” என்று அவர் நிமிர்ந்து காட்டினார். இரண்டு கையையும் முழங்காலுக்கு மேல் ஊன்றினார். முழங்கால் சற்று மடங்கியது. மூச்சு ‘உஸ்’ என்று வெளியே போனது. போய்க்கொண்டிருக்கும்போதே வால் எலும்பு உள்ளே சுருண்டது. பிறகு கைகள் தொடையின் மேல் ஊர்ந்து ஏற, இடுப்பு, நடுமுதுகு, மேல்முதுகு என்று முள்ளெலும்பு ஒவ்வொன்றாக வந்து அடுக்கிக்கொண்டன. தோள் அதன்பின் வந்தது. தலை அதுவரை தொங்கிக்கொண்டே இருந்தது, எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அது எழுந்தது. சுளிப்பில்லாத முகம். எந்த மன்றத்திலும் கற்றதில்லை, எந்த நூலிலும் படித்ததில்லை. அத்தனை வருஷச் சேற்றில் தம் முதுகைக் கவனித்துக் கவனித்துத் தாமே கண்டெடுத்த வரிசை.

இந்த அசைவை நடவுக்கு முன்னும் பின்னும் வரப்பிலேயே நின்று செய்யலாம். நூறு நாள் வேலைக்குக் குனிகிறவர்களும், பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களும், கணினிக்கு முன்னால் உட்கார்ந்தே முதுகு போனவர்களும் செய்யலாம். வட்டு விலகியவர்கள், கால் மரத்துப்போகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கற்றுத்தர வெளியூரிலிருந்து யாரையும் கூட்டிவரத் தேவையில்லை. ஒவ்வொரு நடவு வரிசையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், கேட்டால் சொல்லித்தருவார்.

அந்த இளம்பெண் அடுத்த முடியை எடுத்து நட்டு முடித்தாள். இந்த முறை கையை முழங்காலில் ஊன்றினாள். பாதி வரை சரியாக வந்தது, பழக்கத்தில் தலை முந்திக்கொண்டது. “தல கடசில, தல கடசில” என்றார் மூத்தவர். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்து, முதலிலிருந்து தொடங்கினாள்.